ரெண்டு சென்டிமீட்டர் இடைவெளி

— ...அப்பதான் எங்க வீட்டம்மா கேட்டாங்க சிஸ்டர். "நாளைக்கு என் கிட்னி ஒண்ணை எடுத்து உனக்கு வைக்கப் போறாங்க. பதிலுக்கு நான் ஒண்ணு கேட்பேன், கொடுப்பியா?" நான், "என் உயிரையே கேளு"ன்னேன். "உயிர் வேண்டாம், அதைக் காப்பாத்தத்தானே இவ்வளவு பாடு. இது வேற." "சரி, என்னன்னு சொல்லு." "இப்ப இல்ல. நீ முதல்ல பொழச்சு எழுந்து வா, அப்புறம் கேட்கிறேன்." அவ்வளவுதான். சொல்லிட்டு ஆரஞ்சு உரிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

— தலையை ஆட்டாதீங்க சார். அப்புறம் என்ன கேட்டாங்க?

— இன்னும் கேட்கல.

— ஆபரேஷன் நடந்து எவ்வளவு நாளாச்சு?

— பதினொரு வருஷம் நாலு மாசம்.

— நல்ல கதையா இருக்கே! அஞ்சு வருஷமா மூணு மாசத்துக்கு ஒரு தடவை உங்க வழுக்கைத் தலைக்குக் களிம்பு தடவி விளக்கு காட்டறேன், ஒரு நாளாவது இதைச் சொன்னீங்களா?

— சந்தர்ப்பம் வரல.

— இன்னிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? ஆடாதீங்க. பேசிப் பேசி என் எண்ணிக்கையைக் குழப்பறீங்க.

— எண்ணுங்க சிஸ்டர், நிதானமா எண்ணுங்க. நிறைய இருக்கா?

— இதென்ன, கல்யாண வீட்டுல பலகாரம் நிறைய இருக்கான்னு கேட்கிற மாதிரி கேட்கறீங்க? போன தடவை தலையில ஒரு புள்ளிகூட இல்ல. "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா, அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்"னு டாக்டர் சொன்னார். வேற யாராவதா இருந்தா குதிச்சிருப்பாங்க. நீங்க என்னமோ வேலையை விட்டு நிறுத்தின மாதிரி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனீங்க.

— எனக்கு இந்த ரூம் பழகிப்போச்சு.

— ஜன்னல்கூட இல்லாத ரூம். ரெண்டு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு குப்பைத் தொட்டி. அந்த விளக்கும் இன்னிக்கு... சரி, அதை அப்புறம் சொல்றேன். டீச்சர் எதையோ கேட்காததுக்காகவா உங்களை விட்டுத் தனியா போயிட்டாங்க?

— அப்படிச் சொல்ல முடியாது. கேட்பாங்க கேட்பாங்கன்னு நான் காத்திருந்தேன். கேட்கல. சரி, நாமளே கண்டுபிடிச்சுடலாம்னு தையல் மிஷின் வாங்கினேன். அது இல்லன்னாங்க. மீன் தொட்டி. இல்ல. ஊஞ்சல். இல்ல. ஆர்மோனியம். இல்ல. அப்புறம் படகு.

— எது?

— படகு சிஸ்டர். எப்பவோ ஒரு தடவை, "ஆத்துல போறது எவ்வளவு நல்லா இருக்கு"ன்னாங்க. பதிமூணு அடி. எங்க வீடு மூணாவது மாடி, ஹால் பதினாலு அடி. அளந்துதான் வாங்கினேன்.

— தண்ணி?

— அதை அவங்கதான் கேட்கணும்.

— சார், நான் அவங்க இடத்துல இருந்தா அன்னிக்கே போயிருப்பேன்.

— அன்னிக்கேதான் போனாங்க. ஆறு வருஷமாச்சு. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துலேயே ஒரு ரூம் எடுத்துக்கிட்டு... ஷ்ஷ், செருப்புச் சத்தம். அவங்கதான். படகைப் பத்திப் பேசாதீங்க.

— வாங்க டீச்சர். கதவைச் சாத்திக்கோங்க.

— டிராயிங் பரீட்சை சிஸ்டர். முப்பத்தெட்டு யானை வரைஞ்சு கொடுத்திருக்குதுங்க, ஒண்ணுக்குக்கூட காது சரியில்ல. எப்படி இருக்கு?

— நான் நல்லா இருக்கேன். உட்காருங்க.

— உன்னையா கேட்டேன்? என் கிட்னியைக் கேட்டேன். இன்னிக்கு எவ்வளவு தண்ணி குடிச்சே?

— ஒரு லிட்டர் எழுநூறு மில்லி.

— மதியம் ஒரு மணிக்கு அவ்வளவுதானா? சிஸ்டர், பாருங்க, நான் இல்லன்னா அது வாய் வறண்டு கிடக்குது. அதுக்குப் பேசவா தெரியும்?

— நீங்க சொன்னா இப்பவே குடிக்கிறேங்க.

— பார்த்தீங்களா? "சொன்னா குடிக்கிறேங்க." கட்டின புருஷன் என்னை "நீங்க, வாங்க"ன்னு கூப்பிட ஆரம்பிச்சு பதினொரு வருஷம். நான் ரூமுக்குள்ள வந்தா எழுந்து நிப்பான். குழம்புல உப்பு அள்ளிக் கொட்டினாலும் "அமிர்தம்"பான். கோயில் சிலையா நான்? அழகுதான் போ.

— ஒரு உறுப்பையே கொடுத்தவங்களை எப்படிங்க...

— நிறுத்து. சிஸ்டர், எண்ணியாச்சா? சுத்தமா இருக்குல்ல?

— அதான் டீச்சர், சொல்லலாமா வேண்டாமான்னு பார்க்கிறேன். ஒன்பது இருக்கு.

— என்ன ஒன்பது?

— புள்ளி. செம்பழுப்பா, உச்சந்தலையில. மூணு மாசத்துக்கு முன்னாடி ஒண்ணுகூட இல்ல.

— ஒன்பதா! இவ்வளவு சீக்கிரத்துலயா? நீ வெயில்ல போனியா? உண்மையைச் சொல்லு.

— இல்லங்க. குப்பை கொட்டப் போனாக்கூட குடை, தொப்பி, கையுறை. தபால்காரரே என்னை ஒரு அம்மான்னு நினைச்சுக்கிட்டு இருக்கார்.

— அப்புறம் எப்படி வந்தது? சிஸ்டர், டாக்டர் என்ன பண்ணுவார்?

— இப்பவே பயப்படாதீங்க. புள்ளி எல்லாம் புற்றுநோய் இல்ல. ஆனா விட்டா அதுல ஏதாவது ஒண்ணு அப்படி மாறலாம். அது மாறாம இருக்கத்தானே இந்தக் களிம்பும் விளக்கும்? இதையும் மீறி இவ்வளவு வேகமா வந்தா, கிட்னிக்குக் கொடுக்கிற மாத்திரையை டாக்டர் குறைச்சுப் பார்ப்பார்.

— குறைக்கக் கூடாது! நீங்கதானே எனக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்தீங்க? உடம்புக்கு ஒரு காவல்காரன் இருக்கான், மாத்திரை அவனைத் தூங்க வைக்குது. அவன் முழிச்சுக்கிட்டா என் கிட்னியைப் பார்த்து "நீ யாரு, வெளிய போ"ம்பான். தூங்கிட்டு இருந்தா தோல்ல திருடன் நுழைவான். அப்படித்தானே?

— அப்படித்தான்.

— அப்ப குறைச்சா அவன் முழிச்சுக்குவானே! பதினொரு வருஷம் அது அங்க குடும்பம் நடத்தியிருக்கு சிஸ்டர். அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா இவன்... எனக்குக் கொடுக்கறதுக்கு இன்னொண்ணு இருக்கா? இருக்கிறதே ஒண்ணுதானே...

— ஐயோ, அழாதீங்க. இந்தாங்க கைக்குட்டை. சிஸ்டர், அவங்க அழறாங்க. டாக்டரைக் கூப்பிடாதீங்க. ஒன்பதும் பெருசில்ல. சின்னச் சின்னப் புள்ளிதான்.

— நீங்க எப்படி சார் உங்க உச்சந்தலையைப் பார்த்தீங்க?

— சும்மா... ஒரு அனுமானம்.

— நான் போன் பண்றேன். டீச்சர், அந்த ஈரப் பஞ்சை எடுங்க, துடைக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை எண்ணிடறேன். மூணு, மூணு, மூணு. ஆமா, ஒன்பது.

— இருங்க சிஸ்டர். ஏன் மூணு மூணா எண்ணறீங்க?

— அப்படித்தானே இருக்கு? மேல மூணு, நடுவுல மூணு, கீழே மூணு.

— நகருங்க, நான் பார்க்கிறேன். உங்க ஸ்கேலைக் கொடுங்க.

— ஸ்கேல் எதுக்குங்க? புள்ளியை அளக்கவே கூடாது. அளந்தா வளரும்.

— வாயை மூடு. ரெண்டு சென்டிமீட்டர். இங்கிருந்து இங்கே ரெண்டு. குறுக்கே ரெண்டு. மூலைக்கு மூலை எல்லாம் நேர்கோடு. சிஸ்டர், தோல் வியாதி என்னிக்காவது எல்லைக்கல் நட்ட மாதிரி வருமா?

— நான் இருபத்திரெண்டு வருஷமா பார்க்கிறேன், வந்ததில்ல.

— நில அளவையாளர் தலையில மட்டும்தான் வரும். பஞ்சைக் கொடுங்க. இதோ... ஒண்ணு போச்சு. இதோ, ரெண்டாவது போச்சு. அடப்பாவி! இது என்னோட முப்பத்தேழாம் நம்பர் கலர் பென்சில்! தண்ணி பட்டா கரையற ஜாதி. ஆறு வருஷமா தேடிக்கிட்டு இருக்கேன்.

— மீன் தொட்டிக்கு அடியில இருந்துச்சு.

— சார்! நீங்களே வரைஞ்சீங்களா?

— ரெண்டு கண்ணாடி வச்சுக்கிட்டு வரைஞ்சேன் சிஸ்டர். கை போன போக்குல வைக்கலாம்னுதான் பார்த்தேன். வரல. முப்பது வருஷம் நிலம் அளந்த கை. முதல் புள்ளியை வச்சதும் அடுத்தது தானா ரெண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போய் நின்னுடுச்சு.

— ஷேடிங்கும் கண்றாவி. ஓரத்துல அழுத்தம், நடுவுல வெளுப்பு. என் மூணாம் வகுப்புப் பசங்க இதைவிட நல்லா வரைவாங்க. ஏன்டா இப்படிப் பண்ணினே? என்னை அழ வச்சுட்டியே!

— மன்னிச்சுக்கோங்க.

— மன்னிப்பு யாருக்கு வேணும்? காரணம் சொல்லு.

— தலை சுத்தமா இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவைதான்னு டாக்டர் சொல்லிட்டார். இப்ப வருஷத்துக்கு நாலு தடவை. விளக்கு காட்டின பிறகு ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் படாம ரெண்டு நாள் திரையை மூடிட்டு வீட்டுக்குள்ள இருக்கணும், துணைக்கு ஆள் இருக்கணும், அதுக்கு நீங்க வருவீங்க. நாலு ரெண்டு எட்டு. வருஷத்துல எட்டு நாள். ஒரு தடவைன்னு ஆயிட்டா ரெண்டே நாள். அளந்து சொல்றேன், முக்கால் பங்கு போயிடுது.

— நில்லுங்க சார், நில்லுங்க. துணைக்கு ஆள் இருக்கணும்னு யார் சொன்னது?

— நீங்கதான் சிஸ்டர். சீட்டுல போட்டிருக்கே.

— எந்தச் சீட்டு?

— இதோ. சட்டைப் பையிலேயே வச்சிருப்பேன். "சிகிச்சைக்குப் பின் நோயாளியுடன் நெருங்கிய உறவினர் ஒருவர் இரண்டு நாள் கட்டாயம் தங்க வேண்டும்." கீழே உங்க ஆஸ்பத்திரி முத்திரை.

— வெளிச்சம் படக் கூடாதுன்னு நாங்க சொன்னது உண்மை. ஆனா இந்த மாதிரி சீட்டு நாங்க கொடுக்கறதே இல்ல. முத்திரை என்னமோ எங்களோடது மாதிரிதான்... என்ன இது, ஈர விரல்ல சாயம் ஒட்டுது? கையால வரைஞ்சதா!

— சிஸ்டர், அந்த ஃபேன் காத்து எனக்கு ஒத்துக்கல, நான் வெளியே...

— உட்காருங்க டீச்சர்.

— வரைஞ்சதா? நீங்களா?

— முத்திரைக்குள்ள அந்தச் சின்ன எழுத்தெல்லாம் எப்படி டீச்சர் போட்டீங்க? எனக்குக் கண்ணாடி போட்டாலே தெரியாது.

— பூஜ்யம் நம்பர் பிரஷ். ரெண்டு மணி நேரம் ஆச்சு.

— எதுக்குங்க? வர்றதுன்னா நீங்களே வந்திருக்கலாமே. அது உங்க வீடு.

— எப்படி வர்றது? நான் சும்மா வந்தா நீ வாசல்ல கைகட்டி நிப்பே. ஆரத்தி எடுக்காத குறை. ஆனா அந்த ரெண்டு நாள் இருக்கே... திரையெல்லாம் மூடி, லைட் போடாம, டிவி போடாம. என் மூஞ்சி தெரியாது உனக்கு. மூஞ்சி தெரியலன்னா நான் கிட்னி கொடுத்தவங்கறது உனக்கு மறந்து போயிடுது. முதல் தடவை என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?

— இல்லங்க.

— "சாப்பாடா இது? வாயில வைக்க முடியல"ன்னே. நான் படகுல முழங்காலை இடிச்சுக்கிட்டேன். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"ன்னு கத்தினே. அன்னிக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பழைய ஆளு திரும்பி வந்துட்டான்னு இருட்டுல உட்கார்ந்து சிரிச்சேன்.

— நீங்க அழறீங்கன்னு நினைச்சு நான் பதறிப்போயிட்டேன்.

— அதான் மறுநாள் திரையைத் திறந்ததும் கால்ல விழுந்தே! அழகுதான் போ.

— சரி, சரி. ஒருத்தர் தலையில வரைஞ்சிருக்கார், ஒருத்தர் தாள்ல வரைஞ்சிருக்கீங்க. ரெண்டு பேரைப் பத்தியும் டாக்டர்கிட்ட சொன்னா என் வேலைதான் போகும். நல்ல செய்தியைக் கேளுங்க. தலை சுத்தம். பென்சிலைத் தவிர ஒண்ணும் இல்ல. கிட்னிக்கும் ஆபத்தில்ல. இன்னிக்கு ஒரு தடவை களிம்பு போட்டுட்டா அடுத்தது அடுத்த வருஷம்தான்.

— இன்னிக்கு ரெண்டு நாள் உண்டுல்ல சிஸ்டர்? கடைசியா?

— அதான் சார் அப்பவே சொல்ல வந்தேன், நீங்க படகைக் கொண்டுவந்து விட்டீங்க. விளக்கு ரிப்பேர். அதனால டாக்டர் உங்களுக்கு வேற முறை எழுதியிருக்கார். முதல்ல உடம்புல வெயில் படற இடமெல்லாம் சன்ஸ்கிரீன் தடவுவேன். காய்ஞ்சதும் தலையில களிம்பு. அரை மணி நேரத்துக்குள்ள வெளியே போகணும். பகல் வெளிச்சத்துல ரெண்டு மணி நேரம் இருக்கணும். விளக்கு செய்யற வேலையைப் பகலே செஞ்சிடும், அவ்வளவா எரியவும் எரியாது. வீட்டுக்குப் போய்க் கழுவிட்டு, மிச்ச நாள் உள்ளேயே இருந்தா போதும். காலையில வழக்கம்போல வேலையைப் பார்க்கலாம்.

— அப்ப இருட்டு?

— கிடையாது சார்.

— ரெண்டு நாள்?

— கிடையாது டீச்சர். என்ன இது, இழவு வீட்டுல கேட்கிற மாதிரி ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கறீங்க?

— நான் வரமாட்டேன் சிஸ்டர். பதினொரு வருஷமா வெயில் என்ன கலர்னே எனக்குத் தெரியாது. வெயில் பக்கம் போகாதே போகாதேன்னு எல்லாரும் சேர்ந்து மிரட்டிட்டு, இன்னிக்கு வெறுந்தலையோட போய் நில்லுங்கறீங்களே!

— தினமும் இல்ல சார். இந்தக் களிம்போட, இந்தச் சன்ஸ்கிரீனோட, நான் சொல்ற ரெண்டு மணி நேரம் மட்டும். நாளைக்கு மறுபடியும் உங்க குடைதான். டீச்சர், நீங்களாவது சொல்லுங்க.

— வெயில்லயா? நிஜமாவா சிஸ்டர்? உட்கார்ந்துதான் இருக்கணுமா, நடக்கலாமா?

— நடக்கலாம். நடந்தா நல்லதுதான்.

— தொப்பி?

— கூடாது. தலையில வெளிச்சம் படணுமே.

— குடை?

— குடையைப் பிடிச்சா அப்புறம் என்ன பகல்? கூடாது.

— கூட ஆள்?

— வேணும்னு ரூல் இல்ல. கூடாதுன்னும் ரூல் இல்ல. தயவுசெஞ்சு சீட்டு மட்டும் வரையாதீங்க.

— இங்கிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம்?

— என்னையாங்க கேட்கறீங்க? ஏழு கிலோமீட்டர் முந்நூறு மீட்டர். உங்க நடைக்கு ரெண்டு மணி நேரம். எதுக்கு?

— அது... ஒண்ணு கேட்கணும்னு சொல்லியிருந்தேனே, ஆபரேஷனுக்கு முந்தின நாள்.

— சிஸ்டர்! கேட்கப் போறாங்க! நாற்காலியை நிமிர்த்துங்க!

— ஆடாதீங்க சார், சன்ஸ்கிரீன் கண்ணுல போகும்.

— டிஸ்சார்ஜ் அன்னிக்கே கேட்டுடலாம்னு நல்ல புடவை கட்டிக்கிட்டு வந்து நின்னேன். டாக்டர் உள்ளே வந்தார். வாயைத் திறந்ததும் முதல் வார்த்தை, "இனி இவர் வெயில்ல தலை காட்டக் கூடாது." என் வாய் அப்படியே மூடிக்கிச்சு.

— வெயிலுக்கும் நீங்க கேட்கறதுக்கும் என்னங்க சம்பந்தம்?

— அதைச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? "உத்தரவு"ன்னு அன்னிக்கே போய் நடுரோட்டுல நின்னிருப்பே. தோலும் போயிருக்கும், என் கிட்னியும் போயிருக்கும், நீயும் போயிருப்பே. எது கேட்டாலும் செய்யறேன்னு நிக்கிற ஆளுகிட்ட எதைத்தான் கேட்க முடியும்? கேட்டா அது ஆசையா இருக்காது. கட்டளையாயிடும்.

— எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நான்...

— பாரு, மறுபடியும். நான் போறேன்.

— எங்க போறே? பதினொரு வருஷம்! வீடு பூரா தையல் மிஷினும் படகுமா அடைச்சு வச்சிருக்கேன், கக்கூஸுக்குப் போகணும்னா படகுல ஏறி இறங்கணும். தினம் தூங்கறதுக்கு முன்னாடி, என்னவா இருக்கும் என்னவா இருக்கும்னு மண்டையை உடைச்சுக்கறேன். இப்பவும் கதவு வரைக்கும் வந்துட்டு இழுக்கறியே, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? சொல்லித் தொலையேன்!

— சிஸ்டர், கேட்டீங்களா? வெளிச்சத்துல! லைட் எரியும்போதே!

— கேட்டேன் டீச்சர். பக்கத்து வார்டுக்கே கேட்டிருக்கும். தலையைக் காட்டுங்க சார், களிம்பு தடவறேன்.

— இரு, ஒண்ணே ஒண்ணு. நான் கேட்கிறது பிடிக்கலன்னா, "முடியாது"ன்னு சொல்லுவியா?

— கேட்கிறது கிறுக்குத்தனமா இருந்தா, கண்டிப்பா முடியாதுன்னுதான் சொல்லுவேன்.

— சத்தியமா?

— என் தலைமேல சத்தியம். களிம்பு கையில ஒட்டும், அதனால தொடல.

— அப்ப சொல்றேன். கல்யாணமான புதுசுல நீ நிலம் அளக்கப் போற இடத்துக்கெல்லாம் நான் அளவுகோலைத் தூக்கிக்கிட்டு வருவேன். உன் தோள்ல கருவி வைக்கிற முக்காலி, கையில பெட்டி. அப்புறம் டயாலிசிஸ், ஊசி குத்தின கையைத் தொடாதேன்னாங்க. அப்புறம் இந்தக் குடை, இந்தக் கையுறை. உன் கை ஒரு நாளும் சும்மா இருந்ததில்ல.

— சரி. அதுக்கு?

— அந்தக் கையுறையைக் கழட்டிட்டு, பட்டப்பகல்ல, ஊரு பார்க்க, என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஏழு கிலோமீட்டர் முந்நூறு மீட்டரும் என்னோட நடந்து வர்றியா, நம்ம வீட்டுக்கு?